தனத்துக்கு நிறுத்திய பால்

சண்முகம், அம்மா எழுதுகிறேன். இங்கே நலம், அங்கே நலமா என்று தொடங்க எனக்கு இன்றைக்கு முகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ சோறு கூடச் சாப்பிடாமல் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குக் காரை எடுத்ததிலிருந்து, எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் கோபக்காரி என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் மாமியார் கையிலிருந்த வேப்பெண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கியது தப்புத்தான். வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மாளின் கையைத் தட்டிவிட்டேன் என்று நினைத்தால் எனக்கே கூசுகிறது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதாக அவர்களிடம் சொல்லிவிடு. ஆனால் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல என்னால் ஆகாது. சொல்ல ஆரம்பித்தால் அழுவேன். நான் அழுதால் நீ விஷயத்தை விட்டுவிட்டு என்னைத் தேற்ற வந்துவிடுவாய்.

அன்றைக்குக் கூடத்தில் நடந்ததில் நீ பாதியைத்தான் பார்த்தாய். உன் வீட்டுக்காரி சரோஜாவும் அடுத்த வீட்டு மருமகளும் கிளேபாங்கிலிருந்து வந்த அவள் சிநேகிதியுமாக மூன்று பேரும் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, பால் மறக்கடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி டின் மாவு கொடுக்கிறாளாம், பிள்ளை துப்புகிறதாம். இன்னொருத்தி நெத்திலியை வறுத்துப் பொடி பண்ணிக் கஞ்சியில் தூவுகிறாளாம், பிள்ளை கிண்ணத்தைப் பிடுங்குகிறதாம். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது சரோஜா, இரண்டு மாதமாகத் தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வெட்கத்தோடு சொன்னாள். உடனே அவள் அம்மா, அப்படியானால் பாப்பாவுக்குப் பாலை இன்றைக்கே நிறுத்தியாக வேண்டும், வயிற்றில் ஒன்று இருக்கும்போது கொடுத்தால் மேலே இருப்பது சவலையாகிவிடும் என்று சொல்லி, மார்பில் தடவ வேப்பெண்ணெய் எடுக்க எழுந்துவிட்டார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பிடுங்கினேன். சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த நீ எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ஒரே ஒரு புள்ளைய வளர்த்துட்டு, பத்துப் புள்ள பெத்தவங்க மாதிரி பேசாதம்மா."

நீ சொன்னது சரிதான் அய்யா. வளர்த்தது உன்னை ஒருவனை. பெற்றது இரண்டு. உனக்கு முன்னால் ஒன்று பிறந்து தவறிவிட்டது என்று சின்ன வயதில் யார் வாயிலாவது கேட்டிருப்பாய். அதற்கு மேல் நீ கேட்டதில்லை, நானும் உன்னை அந்தப் பக்கம் வரவிட்டதில்லை. அது பெண். பெயர் தனலெட்சுமி, கூப்பிடுவது தனம். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த சில மாதத்தில் இதே காஜா பெராங்கில், இப்போது நீ கார் நிறுத்துகிற இடத்திலிருந்த பலகை வீட்டில் பிறந்தாள். உன் நெற்றி மாதிரியே அகலமான நெற்றி அவளுக்கும்.

உன் அப்பா அப்போது ரயில் பாதையில் வேலை செய்துகொண்டிருந்தார். இங்கிருந்து தம்பினுக்கு ஓடிய பாதை அது. ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்து சயாமில் ரயில் போடக் கொண்டுபோனான். தண்டவாளம் போன பிறகு, அதைப் போடத் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்றான். மூன்று மாத வேலை, அரிசி வீட்டுக்கு வரும் என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள். உன் அப்பா இரண்டு சட்டையும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போனார். தனத்துக்கு அப்போது ஒன்பது மாதம். அரிசியும் வரவில்லை, கடிதாசும் வரவில்லை. போன இடத்தில் ஆட்கள் ஈசல் மாதிரிச் சாகிறார்கள் என்று பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

எங்கள் வரிசையில் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. காலையில் துணி அலச மூன்று பேர் பிள்ளைகளோடு அங்கே கூடுவோம். நான், பாக்கியம், மீனாட்சி. பாக்கியம் ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள், மடியில் ஒரு பையன். அவள் புருஷனையும் அதே லோரியில்தான் ஏற்றினார்கள். மீனாட்சியை உனக்கே தெரியும், பள்ளிக்கூடம் போகும் வரை நீ பாதி நாள் அவள் வீட்டில்தான் கிடந்தாய். மலாக்கா செட்டிப் பெண். சாமி நம் சாமி, பொட்டு நம் பொட்டு, கட்டுவது சாரோங், பேசுவது மலாய். தமிழில் சாமி பெயரும் பலகாரப் பெயரும் தவிர வேறு வராது. அவளுக்கு அப்போது கைக்குழந்தை, பெண். அன்றைக்கு உன் வீட்டுக்காரி கூடத்தில் பேசினாளே, அதே பேச்சைத்தான் நாங்களும் பேசினோம். என்ன கொடுக்கிறாய், செரிக்கிறதா, வெளிக்கு எப்படிப் போகிறது என்று. மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, அடியில் படியும் மாவை வெயிலில் காயவைத்துக் கூழ் காய்ச்ச பாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். வாழைப்பழத்தை அவித்து மசித்துச் செம்பனை எண்ணெய் ஒரு சொட்டு விடுவது மீனாட்சியின் கைப்பக்குவம். ரேஷன் அரிசியில் சுண்ணாம்பு கலந்திருக்கும். அதை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, கஞ்சித் தெளிவு எடுப்பதில் நான் கெட்டிக்காரி. யாருக்காவது ஒரு முட்டை கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளைக் கேலி பண்ணியே கொன்றுவிடுவோம். எதைக் கொடுத்தாலும் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியது தாய்ப்பால்தான். தின்பதற்கு ஒன்றுமில்லாத உடம்பிலிருந்து அது எப்படித்தான் ஊறியதோ தெரியாது, ஊறியது.

உன் அப்பா போன மறு மாதம் எனக்கு நாள் தள்ளியது. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. கால் வீங்கியது, கிழங்கைக் கண்டாலே குமட்டியது, வயிறு லேசாக உப்பியது. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன். உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பயமாக இல்லை, கொண்டாட்டமாக இருந்தது. அவர் திரும்பி வரப்போவதில்லை என்று எல்லாரும் மறைவாகப் பேசிக்கொண்ட நேரம். அவருடையது ஒன்று எனக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். ஆண்பிள்ளை என்று நானே தீர்மானித்தேன். உன் தாத்தா பெயரை வைப்பது என்றும் தீர்மானித்தேன். ஆமாம், சண்முகம் என்று.

பாக்கியத்திடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "பாலை நிறுத்திடு புள்ள. இன்னிக்கே நிறுத்து. நான் நிறுத்தாம இருந்துதான் என் மூத்தத வாரிக் குடுத்தேன்," என்றாள். தோட்டத்தில் அவளுக்கு முதலில் ஒரு பெண் பிறந்து, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உண்டாகி, அந்தப் பெண் நோஞ்சானாய்த் தேய்ந்து செத்துப் போயிருக்கிறது. தன் பாலே அதற்கு விஷமாகிவிட்டது என்று அவள் நம்பினாள். வாயும் வயிறுமாக இருப்பவளின் பால் கெட்ட பால் என்றுதான் நம் சனம் முழுவதும் நம்பியது, நானும் நம்பினேன். பாக்கியம் கெடுதல் நினைத்துச் சொன்னவள் இல்லை. என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

மீனாட்சி வேறு மாதிரி சொன்னாள். துணியைப் பிழிந்துகொண்டே என் காலைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். "லாப்பார், புக்கான் பூந்திங்," என்றாள். பசி, கர்ப்பம் இல்லை. தனக்கும் தன் அக்காவுக்கும் ஓரகத்திக்கும் மாதக்கணக்கில் நின்றுபோயிருக்கிறது, டவுனில் பாதிப் பெண்களுக்கு இப்படித்தான், தின்னாத உடம்பில் ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டாள். பாலை நிறுத்தாதே என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தமிழே வராது, எங்கள் வழக்கத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று மலாயிலேயே கேட்டேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வழக்கம் என்று நான் சொன்னது வாய்க்குச் சொன்னது. அவள் சொல்வது உண்மையானால் என் வயிற்றில் ஒன்றுமில்லை என்றாகிவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் கோயில் வேப்பமரத்தில் கொழுந்து பறித்து வந்து அம்மியில் அரைத்துத் தடவிக்கொண்டேன். தனம் தவழ்ந்து வந்தாள். வழக்கம்போல் என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று சிரித்துவிட்டு வாயை வைத்தாள். உடனே எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. ஏதோ தான் செய்த தவறு என்பது போல மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். மூன்று நாள் அப்படிப் போனது. அவள் ஒரு பக்கம் அழ, நான் வயிற்றைத் தடவிக்கொண்டு, சண்முகம், என் ராசா, அக்கா அழுவதைக் கேட்டுப் பயப்படாதே என்று பேசிக்கொண்டிருப்பேன். நான்காம் நாள் தனம் என்னைத் தாண்டித் தண்ணீர்ச் செம்பை நோக்கித் தவழ்ந்தாள். பாக்கியம் என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தாள்.

பிறகு கிழங்குக் கூழ்தான் அவளுக்கு. முதலில் நன்றாகத்தான் குடித்தாள். ஒரு மாதத்துக்குள் முடி செம்பட்டையாகிப் பொலபொலவென்று உதிர்ந்தது, வயிறு முன்னால் வந்தது, பாதம் வீங்கியது. வயிற்றுப்போக்கு தொடங்கியது, நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மருந்து என்று சொல்ல ஒன்றுமில்லை, வெந்நீர் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னால் குடித்த கெட்ட பால்தான் இப்போது வேலையைக் காட்டுகிறது, இன்னும் முந்தியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பாக்கியம் சொன்னாள். நானும் அப்படியே நினைத்து, தாமதித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் உன் அம்மா, பார்.

பால் நிறுத்தி ஒன்றரை மாதம் இருக்கும். நான் கேட்காமலே மீனாட்சி தனக்குப் பிரசவம் பார்த்த மலாய் மருத்துவச்சியை அழைத்து வந்தாள். அந்த அம்மாள் என்னைப் பாயில் படுக்க வைத்து, அடிவயிற்றை இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கோசோங்," என்றாள். காலி. ஒன்றுமில்லை. கால் வீக்கம் பெரிபெரியால் வந்தது, தவிடு கிடைத்தால் தின்னு என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த தனத்தைப் பார்த்தாள், மீனாட்சியைப் பார்த்தாள், எழுந்து போனாள்.

இதை உன் அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை. சண்டை முடிந்து அவர் வந்தபோது முழங்காலுக்குக் கீழே புண்ணும் எலும்புமாக வந்தார். வாசலில் நின்றபடியே, பிள்ளை எங்கே என்றுதான் முதலில் கேட்டார். காய்ச்சலில் போய்விட்டது என்றேன். அவர் நம்பினார். பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. நீ பிறந்ததும், தன் அப்பா பெயரை வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். அந்தப் பெயரை நான் ஏற்கெனவே ஒருமுறை உபயோகித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். தாளில் எழுதுவதோடு சரி, வாயால் உன்னைப் பெயர் சொல்லாமல் அய்யா, தம்பி என்றே நான் கூப்பிட்டு வந்ததற்கு உன் அப்பா எத்தனை நாள் என்னைக் கேலி செய்திருக்கிறார். தாத்தா பெயர் என்பதால் மரியாதை என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். பாக்கியத்திடமும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தன் மூத்தது செத்ததும் பாலால்தானா, தோட்டத்துப் பட்டினியாலா என்று அவள் யோசிக்க ஆரம்பித்திருப்பாள். அவள் புருஷன் சயாமிலிருந்து வரவும் இல்லை. அவளுக்கு அந்த ஒரு சுமையாவது வேண்டாம் என்று விட்டேன்.

உன் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் நான் பார்த்தது என் கையைத்தான். நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே சரோஜாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நாள் தள்ளினால் வயிற்றில் பிள்ளை என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. அவள் பாப்பா பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, உனக்கு இட்லி ஊற்றிவிட்டு நின்றபடி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அவள் உண்மையிலேயே முழுகாமல் இருந்தாலும், பாலை நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டர் சொல்லட்டும். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் மெல்ல நிறுத்தட்டும், வேறு சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட பிறகு நிறுத்தட்டும். இப்போது கடையில் பால் மாவு இருக்கிறது, முட்டை இருக்கிறது, அந்தக் காலம் இல்லை என்று நீ சொல்வாய். தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னும் எழுத ஒன்று இருக்கிறது. இத்தனை பக்கம் எழுதியும் அதன் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த மருத்துவச்சி போன பிறகு நடந்தது அது. நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் நெஞ்சைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பிழிந்து பார்த்தேன், இன்னும் சொட்டாக வந்தது. உள்ளே வந்து தனத்தை எடுத்து மடியில் போட்டு, அவள் உதட்டில் ஒரு சொட்டு வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கசப்பு போய்விட்டது கண்ணு, இனிமேல் இருக்காது என்று சொல்லி மறுபடியும் வைத்தேன். திருப்பிக்கொண்டாள். மூன்றாவது முறை என் நெஞ்சைக் கையால் தள்ளினாள். அந்தக் கையில் பலமே இல்லை, ஆனாலும் தள்ளினாள். என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை, என்னைத் தண்டிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது, கோபம் கூட வந்தது. பாயில் கிடத்திவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். மருத்துவச்சியோடு போகாமல் அங்கேயே இருந்த மீனாட்சி தன் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டுத் தனத்தை எடுத்தாள். அவளிடம் தனம் குடித்தாள். நான் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். குடிக்கிறாளே என்று நெஞ்சு குளிர்ந்தது, அவளிடம் குடிக்கிறாளே என்று வயிறும் எரிந்தது. ஐந்து நாள், தன் பிள்ளைக்குப் பாதியும் என் பிள்ளைக்குப் பாதியுமாக மீனாட்சி கொடுத்தாள். ஆறாம் நாள் காலையில் அவள் மடியிலேயே தனம் அடங்கிப் போனாள். அந்த ஐந்து நாளில் ஒரு தடவை கூட நான் அவளைத் திரும்ப வாங்கி என் நெஞ்சில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் குடித்திருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சரோஜா இதற்குள் எண்ணெயைத் தடவியிருந்தால், கழுவிவிட்டுப் பாப்பாவை மறுபடியும் போடச் சொல். திருப்பிக்கொள்ளும், தள்ளும், கத்தும். பிள்ளைக்கு அது கோபமில்லை, பழைய கசப்பின் நினைப்பு மட்டும்தான். எத்தனை தடவை தள்ளினாலும் அவள் உட்கார்ந்தே இருக்கட்டும். மூன்று தடவையில் நான் எழுந்துவிட்டேன்.

அம்மா